பத்துப் பேர் சேர்ந்தால்தான் திருவிழா! - கொச்சி யூதர்களின் ‘சிம்ஹத் தோரா’

ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததற்காக ஊரே கூடிப் பாடி, ஆடிக் கொண்டாடினால் எப்படி இருக்கும்? முடித்த கையோடு அதே புத்தகத்தின் முதல் வரிக்குப் போய், மறுபடியும் படிக்கத் தொடங்கினால்?

உலகெங்கும் உள்ள யூதர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்கிறார்கள். ‘சிம்ஹத் தோரா’ என்று அந்தப் பண்டிகைக்குப் பெயர். ‘தோராவின் மகிழ்ச்சி’ என்பது பொருள். யூதர்களின் பண்டிகைகளில் மிகவும் குதூகலமானவற்றில் இதுவும் ஒன்று. நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் கொச்சியில், பல தலைமுறைகளாக இந்தப் பண்டிகை தென்னிந்திய மணத்தோடு கொண்டாடப்பட்டு வந்தது. கொச்சி யூதர்கள் அதில் சேர்த்துக்கொண்ட சில வழக்கங்கள் வேறெங்கும் இல்லாதவை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அந்தக் கொண்டாட்டம் எப்படி இருந்தது? இன்று அது எங்கே இருக்கிறது?

முடிவும் தொடக்கமும் ஒரே நாளில்

‘தோரா’ என்பது மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்கள். பைபிள் படித்தவர்களுக்கு ஆதியாகமம் முதல் உபாகமம் வரை என்றால் புரியும். யூதர்கள் இதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம்தோறும் ஜெப ஆலயத்தில் வாசிப்பார்கள். ஓராண்டில் முழுவதும் முடிந்துவிடும்.

வாசிப்பது அச்சுப் புத்தகத்திலிருந்து அல்ல. பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால் கையாலேயே எழுதிய நீண்ட சுருளிலிருந்து. மொத்தம் 3,04,805 எழுத்துகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் ஓர் எழுத்து அழிந்தாலும், திருத்தி எழுதும்வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கக் கூடாது. அத்தனை பக்தி!

சிம்ஹத் தோரா அன்று உபாகமத்தின் கடைசிப் பகுதியை வாசித்து முடிப்பார்கள். உடனே ஆதியாகமத்தின் தொடக்கத்தை வாசிப்பார்கள். கடைசிப் பகுதிக்கு அழைக்கப்படுபவருக்கு ‘தோராவின் மணமகன்’ என்று பட்டம். முதல் பகுதிக்கு அழைக்கப்படுபவர் ‘ஆதியாகமத்தின் மணமகன்’. ஆக, அன்றைக்கு ஜெப ஆலயம் கல்யாண வீடு!

யூத நாட்காட்டி சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுவது. அதனால், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிக்குள் ஏதாவது ஒருநாளில் இந்தப் பண்டிகை வரும்.

தென்னை ஓலைப் பந்தலில் ஒரு வாரம்

கொண்டாட்டம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அதற்கு முன்பு ‘சுக்கோத்’ எனும் கூடாரப் பண்டிகை ஏழு நாள்கள் நடக்கும். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர், விடுதலையாகிப் பாலைவனத்தில் அலைந்தபோது குடிசைகளில் தங்கினார்கள் அல்லவா? அதன் நினைவாக வீட்டுக்கு வெளியே ஒரு குடிசை போட்டு, அதில்தான் சாப்பிட வேண்டும். கூரை, செடி கொடி மரங்களிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும் என்பது விதி.

குளிர் நாடுகளில் இதற்கு இலை தழை தேடி அலைவார்கள். கொச்சியில் அந்தக் கவலையே இல்லை. தென்னை ஓலைதான் தெருவெல்லாம் கிடைக்கிறதே! ஓலைக் கீற்றால் பந்தல் போட்டு, உள்ளே அலங்கரித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எட்டாம் நாள் பிரார்த்தனையில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. அன்று மழைக்காக வேண்டிக்கொள்வார்கள். இஸ்ரேல் நிலப்பகுதியில் கோடை முடிந்து மழைக்காலம் தொடங்கும் நேரம் அது. கேரளத்திலோ அதே சமயம் துலா வர்ஷம் எனும் ஐப்பசி மழை கொட்டத் தொடங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ள ஒரு நிலத்தின் மழைக்காக, நனைந்தபடியே வேண்டிக்கொண்ட ஜனங்கள் இவர்கள்.

ஒன்பதாம் நாள் சிம்ஹத் தோரா.

பட்டும் வெள்ளியும் எண்ணெய் விளக்கும்

மட்டாஞ்சேரியில் ‘ஜூ டவுன்’ தெருவின் கோடியில் நிற்கிறது பரதேசி ஜெப ஆலயம். 1568-ல் கட்டப்பட்டது. ‘பரதேசி’ என்றதும் நம் ஊர் வசவு நினைவுக்கு வரலாம். இங்கே அதன் நேர்ப்பொருள்தான்: வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள். ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து விரட்டப்பட்டும், பின்னர் பாக்தாத், சிரியா பக்கமிருந்து வணிகத்துக்காகவும் வந்து சேர்ந்தவர்களின் வழிபாட்டிடம் இது. கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுத்தார். அரண்மனை வளாகத்தில் உள்ள பகவதி கோயிலும் இந்த ஜெப ஆலயமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

உள்ளே நுழையச் செருப்பைக் கழற்ற வேண்டும். மற்ற நாட்டு யூதர்கள் காலணியோடுதான் ஜெப ஆலயத்துக்குள் போவார்கள். கேரள யூதர்கள் வெறுங்காலோடு போனார்கள். தரையில் நீல நிறத்தில் கையால் வரைந்த சீனத்து ஓடுகள். மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். மேல்தளத்தில், பெண்கள் பகுதிக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை. பண்டிகை நாள்களில் தோரா அங்கிருந்துதான் வாசிக்கப்படும். கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய அமைப்பு இது.

சாதாரண நாள்களில் தோரா சுருள்கள் சுவரோடு அமைந்த பேழைக்குள் இருக்கும். சிம்ஹத் தோரா நெருங்கும்போது, பட்டுத்துணிகளால் அலங்கரித்த தற்காலிகப் பேழை ஒன்றை அமைத்து, எல்லோரும் பார்க்கும்படி சுருள்களை அதில் எழுந்தருளச் செய்வார்கள். ஒவ்வொரு சுருளுக்கும் வெள்ளித்தகடும் பொன்தகடும் வேய்ந்த மரக்கூடு உண்டு. உச்சியில் கிரீடம் வைப்பார்கள். அவற்றில் ஒரு பொற்கிரீடம், 1805-ல் திருவிதாங்கூர் மகாராஜா அளித்தது. ஓர் இந்து அரசர் தந்த கிரீடம், யூத வேதத்தின் தலையில்!

சாயங்காலம் ஆனதும் விளக்குகள். பண்டிகை நாளில் புதிதாகத் தீக்குச்சி உரசக் கூடாது. ஏற்கெனவே எரியும் சுடரிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். அப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தேங்காய் எண்ணெய் விளக்குகள் ஏறும். ஜெப ஆலயத்துக்கு வெளியே அடுக்கடுக்கான எண்ணெய் விளக்குகளோடு ஒரு விளக்குக் கோபுரம். ‘மனாரா’ என்று அதற்குப் பெயர்.

பிறகு ‘ஹக்காஃபோத்’ தொடங்கும். பிராகாரம் சுற்றுவது என்று வைத்துக்கொள்ளலாம். கனமான சுருள்களைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்தபடி, ஆண்கள் பாடிக்கொண்டே வாசிப்பு மேடையை ஏழு முறை சுற்றி வருவார்கள். பண்டிகை நாளில் வாத்தியம் வாசிக்கக் கூடாது. குரலும் கைத்தட்டலும்தான் இசை. குழந்தைகள் பின்னாலேயே ஓடுவார்கள். சுருள் அருகில் வரும்போது தொட்டு முத்தமிட்டுக்கொள்வார்கள்.

கோயில் திருவிழாவின் சாயல்

இதுவரை சொன்ன ஏழு சுற்று எல்லா நாட்டு யூதர்களுக்கும் பொது. கொச்சியில் அதோடு முடியவில்லை. அன்று பிற்பகல் பிரார்த்தனையின்போது சுருள்களை வெளியே எடுத்து வந்து, ஜெப ஆலயத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். பண்டிகை முடியும்போது அந்தத் தற்காலிகப் பேழையை ஆரவாரத்தோடு பிரித்துப் போட்டார்கள்.

அமெரிக்க ஆய்வாளர்களான நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பெர்க்கும் 1980-களில் கொச்சியில் தங்கி இந்தப் பண்டிகைகளைக் கவனித்துப் புத்தகம் எழுதியவர்கள். சுருள்களைத் தற்காலிகப் பேழையில் அலங்கரித்து வைப்பது, பிற்பகலில் வெளியே ஊர்வலம் கொண்டுபோவது, கடைசியில் பேழையைப் பிரித்துவிடுவது - இந்த மூன்றும் கொச்சிக்கே உரியவை என்றார்கள். அலங்காரம், உலா, விசர்ஜனம் என்ற இந்துக் கோயில் திருவிழாவின் வரிசை இதில் இருப்பதையும் சுட்டிக்காட்டினார்கள்.

யூத சமயம் உருவ வழிபாட்டை அடியோடு மறுப்பது. கொச்சி யூதர்களும் அதில் இம்மியும் விலகவில்லை. ஆனால், பக்கத்துக் கோயிலில் உற்சவம் நடக்கும் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு, மரியாதைக்குரிய ஒன்றை எப்படி அலங்கரிப்பது, எப்படி வீதிக்கு எடுத்து வருவது என்பது கண் முன்னாலேயே இருந்தது. தங்கள் வேதத்துக்கு அதே மரியாதையைச் செய்தார்கள்.

இந்த மண்ணோடு அவர்களுக்கு இருந்த உறவுக்குச் செப்புச் சாட்சியும் இருக்கிறது. கி.பி. 1000-ஐ ஒட்டி, பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னர் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கிய செப்பேடு அது. வட்டெழுத்தில் எழுதப்பட்டது. தமிழும் மலையாளமும் முழுதாகப் பிரியாத காலத்து மொழி. குடை, பல்லக்கு, பறை, ஊதுகொம்பு, தோரணம், பகலிலும் விளக்குப் பிடிக்கும் உரிமை, நடந்து போகும் வழியில் பாவாடை விரிக்கும் உரிமை என்று பட்டியல் நீள்கிறது. அதை வழங்கிய இடம் முயிரிக்கோடு. சங்க இலக்கியம் பேசும் நம் முசிறியேதான். 2017-ல் பிரதமர் நரேந்திர மோடி இஸ்ரேல் சென்றபோது, இந்தச் செப்பேட்டின் நகலைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசளித்தார்.

தேங்காய்ப்பால் இருக்கக் கவலை ஏன்?

பண்டிகை என்றால் பலகாரம் இல்லாமலா? யூத உணவு விதிப்படி இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது. கறிக்குழம்பில் தயிரோ, வெண்ணெயோ, நெய்யோ போட முடியாது. மற்ற நாடுகளில் இது பெரிய தலைவலி. கேரள யூத வீடுகளில் தேங்காய்ப்பால் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. கோழிக் குழம்புக்கும் மீன் குழம்புக்கும் அதுவே கொழுப்பு, அதுவே ருசி.

ஆப்பம் உண்டு. ‘பாஸ்தேல்’ என்றொரு பலகாரம் உண்டு. கோழிக்கறி வைத்து மடித்து, எண்ணெயில் பொரிப்பது. பார்ப்பதற்கு நம் சோமாசி மாதிரி இருக்கும். பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது, மசாலா மலபாரில் சேர்ந்தது. ஆசீர்வாதம் சொல்லிக் குடிக்க, உலர்திராட்சையில் வீட்டிலேயே செய்த ஒயின்.

‘கார்குழலி’ பாடல்கள்

பிரார்த்தனை ஹீப்ரு மொழியில். ஆனால், பெண்கள் கூடிவிட்டால் பாட்டு மலையாளத்தில்தான். பைபிள் கதைகள், கல்யாணம், கிளி, தங்கள் ஜெப ஆலயம் கட்டிய வரலாறு எல்லாம் அந்தப் பாடல்களில் இருந்தன. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் கையால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, மகளுக்குக் கொடுத்தார். பல யூத சமூகங்களில் ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடுவதற்குத் தடை உண்டு. கேரளத்திலோ பெண்கள் பாட, ஆண்கள் மரியாதையோடு கேட்டார்கள்.

இந்தப் பாடல்கள் பிழைத்ததற்குக் காரணமானவர்களில் ஒருவர் ரூபி டேனியல். 1912-ல் மட்டாஞ்சேரியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். 1951-ல் இஸ்ரேலுக்குப் போனார். முதிய வயதில் பாடல்களைத் தேடித் திரட்டி மொழிபெயர்த்தார். ஆய்வாளர் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து தன் வாழ்க்கையையும் புத்தகமாக எழுதினார். பேராசிரியர் ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் 2005-ல் வெளியிட்ட பாடல் தொகுப்பின் தலைப்பு ‘கார்குழலி’. தமிழர்களுக்கு மொழிபெயர்க்கவே தேவையில்லை!

வாசலோடு நின்றவர்கள்

இவ்வளவு மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கசப்பும் இருந்தது. நம் சமூகத்தின் சாதிப் பழக்கம் இந்தச் சின்னஞ்சிறு சமூகத்தையும் விட்டுவைக்கவில்லை.

பரதேசி யூதர்கள் தங்களை ‘வெள்ளை யூதர்கள்’ என்றார்கள். இவர்களுக்கு வெகுகாலம் முன்பே வந்து, இங்கே வேர்விட்டிருந்த மலபார் யூதர்களோடு திருமண உறவு கிடையாது. முன்னாள் அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மூன்றாவது பிரிவும் இருந்தது. பரதேசி ஜெப ஆலயத்தில் அவர்களுக்குப் பெஞ்சில் இடமில்லை. முன்மண்டபத் தரையில்தான் உட்கார வேண்டும். தோரா வாசிக்க அழைக்க மாட்டார்கள். வேதம் கைக்குக் கை மாறி ஊர்வலம் வரும் பண்டிகை உள்ள சமூகத்தில்தான், சிலருக்கு அதைத் தொடும் உரிமை மறுக்கப்பட்டது.

அந்தப் பிரிவில் பிறந்தவர் ஏ.பி.சேலம் (1882 - 1967). சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். கொச்சி சட்டசபை உறுப்பினராக இருந்தார். காந்தியின் வழியில், ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து சம உரிமை கேட்டார். ‘யூத காந்தி’ என்றே அவரை அழைத்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ரூபி டேனியலும் இதே ஒதுக்குதலை அனுபவித்த குடும்பத்தில் வந்தவர்தான்.

ஆனால், கதவு திறந்த நேரத்தில் ஊரே கிளம்பத் தொடங்கியிருந்தது.

ஊரோடு புறப்பட்ட திருவிழா

இந்தியா சுதந்திரம் அடைந்தபோது கேரளத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளாவில் தலா ஒன்று என 8 ஜெப ஆலயங்கள். 1948-ல் இஸ்ரேல் உருவானதும், ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். அவர்களை இங்கே யாரும் விரட்டவில்லை. ஆண்டுதோறும் பிரார்த்தனையில் சொல்லிவந்த நிலத்துக்குப் போகும் ஆசையே முதல் காரணம்.

ஆசைக்கும் தடை வந்தது. கொச்சிப் பகுதியில் பரவலாக இருந்த யானைக்கால் நோய் அங்கேயும் பரவிவிடுமோ என்று இஸ்ரேல் அதிகாரிகள் அஞ்சினார்கள். வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களின் பயணம் தள்ளிப்போனது. 1950-களின் நடுவில்தான் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம், ஜெருசலேம் மலைப்பக்கம் மெசிலாத் சியோன், தாவோஸ் போன்ற விவசாயக் கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். தென்னையும் காயலும் பார்த்து வளர்ந்தவர்கள், பாலைவன மண்ணில் பயிர் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

பரதேசி யூதர்கள் மட்டும் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தார்கள். 1968-ல் ஜெப ஆலயத்தின் 400-வது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார். அஞ்சல்தலையும் வெளியானது. அதற்குப் பிறகு அவர்களும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள்.

அந்தப் பத்துப் பேர்

யூத மரபில் ‘மின்யான்’ என்று ஒரு விதி உண்டு. 13 வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் சபை. ஒன்பது பேர் எவ்வளவு பெரிய பக்திமான்களாக இருந்தாலும், தோரா சுருளை விரித்துச் சபையில் வாசிக்க முடியாது. தனியாகப் பிரார்த்தனை செய்துகொள்ளலாம். ஆனால் சிம்ஹத் தோரா, வாசிப்பை முடித்ததற்கான கொண்டாட்டம். வாசிக்கவே ஆளில்லை என்றால் எதைக் கொண்டாடுவது?

மட்டாஞ்சேரியில் அந்தப் பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்கும் நாள் வந்தது. எர்ணாகுளத்திலிருந்து மலபார் யூதர்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து சுற்றுலா வந்த யூதர்களை உள்ளே அழைத்தார்கள். யார் உள்ளே உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்த இடத்தில், ‘யாராவது ஒருவர் வர மாட்டாரா’ என்று எதிர்பார்த்த காலமும் வந்தது. சேலம் கேட்ட நியாயத்தை, கடைசியில் காலம் நிறைவேற்றிவைத்தது.

ஜூ டவுனில் கையால் பூவேலை செய்து விற்ற சாரா கோஹன் பாட்டி 2019-ல், 96 வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவரைக் கவனித்துக்கொண்டது ஓர் இஸ்லாமியக் குடும்பம். 2024 ஆகஸ்டில் குயீனி ஹலேகுவா 89 வயதில் மறைந்தார். பரதேசி சமூகத்தின் கதையில் அநேகமாகக் கடைசிப் பக்கம் அது.

ஜெப ஆலயங்கள் சில காப்பாற்றப்பட்டுள்ளன. பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்கள் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் அருங்காட்சியகங்களாகியுள்ளன. மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மர வேலைப்பாடுகள் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தி வைக்கப்பட்டுள்ளன. பரதேசி ஜெப ஆலயத்தை இன்றும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் அனுமதி இல்லை.

திருவிழாவை மட்டும் அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது. அதற்கு ஆள்கள் வேண்டும், குரல் வேண்டும், பின்னால் ஓட குழந்தைகள் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் இப்போது இஸ்ரேலில் இருக்கிறார்கள். நெவாதிமில் கொச்சி யூதர்களின் ஜெப ஆலயமும் மரபு மையமும் இருக்கின்றன. கொச்சியைப் பார்த்தே இராத பேரப் பிள்ளைகள், தாத்தாக்கள் கொண்டுவந்த மெட்டில் பாடியபடி அங்கே தோராவைச் சுற்றி வருகிறார்கள். அங்கே பத்தாவது ஆளைத் தேட வேண்டியதில்லை.

அடுத்தமுறை கொச்சிக்குப் போனால், ஜூ டவுனில் நறுமணப் பொருள் வாங்கிவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். தெருக்கோடி வரை நடந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். மேல்தளத்து வாசிப்பு மேடையையும், பேழையின் மூடிய கதவையும் பாருங்கள். ஒரு புத்தகத்தை முடித்த சந்தோஷத்தில் வெறுங்காலோடு பாடிச் சுற்றி வந்தவர்களின் இடம் அது.